ஸ்கின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் என் அக்கா மகன் கடைக்கு வந்தான். கடை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை. வாசலில் பர்மா தேக்குத் தூண் நாலு சாய்ந்து நிற்கும். உள்ளே மங்குத் தட்டு, பித்தளைக் கூஜா, பெல்ஜியம் கண்ணாடி, யார் வீட்டுத் தாத்தா என்றே தெரியாத போட்டோக்கள். அவன் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போனை நீட்டினான். திரையில் ஒரு கேம் துப்பாக்கி, அதன் மேல் போர்த்தும் அலங்கார உறை. அதைத்தான் ஸ்கின் என்பார்கள்.

"மாமா, எம்416 கிளேசியர். பனிக்கட்டி மாதிரி இருக்கும் பாருங்க. பெட்டி திறந்தா வரும். ரெண்டாயிரம் ரூபா போடலாமா? நீங்க சொன்னா அம்மா கேக்கும்."

"வராட்டி என்னடா பண்ணுவ?"

"வரும் மாமா."

எனக்கு 38 வயது. பகலில் கடை, ராத்திரி பத்தரைக்கு மேல் கேம். 2019இல் பப்ஜியில் ஆரம்பித்தது. பாராசூட்டில் குதித்து, கீழே கிடைக்கும் துப்பாக்கியை எடுத்து, கடைசி ஆள் மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அது. இப்போது அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ, அவ்வப்போது கம்ப்யூட்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக். இதுவரை உடுப்பு, துப்பாக்கி ஸ்கின், பாராசூட், கார் பெயின்ட் என்று நான் கொட்டியது 14,310 ரூபாய். இந்தத் தொகை எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. அதில் பாதி தெண்டம். கால்வாசி பரவாயில்லை ரகம். மீதிக் காலுக்கு இன்றுவரை வருத்தமில்லை. மாப்பிள்ளைக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதல் வேலை, ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் பிளேயில் உங்கள் படத்தைத் தொட்டால் பணம் செலுத்துவதற்கான பகுதி வரும். அதற்குள் பட்ஜெட், வரலாறு என்று ஒன்று இருக்கிறது. வாங்கியது எல்லாம் தேதியோடு அங்கே கிடக்கும். ஒரு பேப்பரை எடுத்துக் கூட்டுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வருஷ முடிவில் ஐந்தொகை எடுக்காமல் எந்தப் பெட்டியடியும் இருந்ததில்லை. நாமோ 75, 89, 179 என்று சில்லறையாகப் போவதை எழுதி வைப்பதில்லை. அங்கேயே மாதத்துக்கு இவ்வளவு என்று பட்ஜெட் வைக்கலாம். ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இனி, வாங்கலாமா வேண்டாமா.

"பார்க்க மட்டும் அழகா இருக்கிற ஒன்னுக்குக் காசா?" என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆத்தங்குடிக் கல் பதிக்காத தரையிலும் நடக்கலாம். சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துக் கண்ணாடி மாதிரி தேய்க்காவிட்டாலும் வீடு நிற்கும். கானாடுகாத்தானில் முகப்புக்குச் செய்த செலவில் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம். அழகுக்குச் செலவு செய்வதைக் குற்றமாக நினைக்காத ஊர் இது. அதனால் ஸ்கின் வாங்குவது மடத்தனம் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்த முகப்புத் தூண் நூறு வருஷம் கழித்து என் கடை வாசலுக்கு வந்து நிற்கிறது, விலையும் பேசப்படுகிறது. கேம் உடுப்பு அப்படி எங்கேயும் போய் நிற்காது. அது கல்யாணப் பந்தல் மாதிரி. பந்தல் போடும்போது இதை நாளைக்கு என்ன விலைக்கு விற்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை நாள் நிற்கும், எத்தனை பேர் வருவார்கள், கையில் காசு இருக்கா, இவ்வளவுதான் கேட்போம். ஸ்கின்னுக்கும் இதே மூன்று கேள்விதான். சொத்து வாங்குகிறோம் என்ற நினைப்பில் வாங்கினால்தான் ஏமாற்றம்.

எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு என் அனுபவம் இது. ஒரு கார் ரேஸ் கேம், பெயர் வேண்டாம். அதில் 2,150 ரூபாய்க்குக் கார்களுக்குப் பெயின்ட், சக்கரம், ஸ்டிக்கர் என்று வாங்கியிருந்தேன். ஒருநாள் அறிவிப்பு வந்தது. சில வாரத்தில் சர்வரை அணைத்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எட்டு மிச்சம். சின்னக் கம்பெனிக்கு மட்டும் நடப்பதில்லை இது. 'தி க்ரூ' என்ற கார் கேம் 2024 மார்ச் 31இல் மூடப்பட்டது. 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23இல் வந்து செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது, இரண்டு வாரம். அதிலாவது காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 செப்டம்பர் 2இல் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போனது. அதன் இடத்தில் பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது. பழைய கணக்கில் இருந்த பொருளை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள், அதற்கு ஒரு கெடுவும் வைத்தார்கள். நான் மாற்றினேன். கூட ஆடிய ஒருத்தன் கெடு முடிந்த பிறகு எழுந்து உட்கார்ந்தான். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு துப்பாக்கி கேமுக்குத் தடை. அதே வருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மேயில்தான் திரும்பியது. ஆகவே "எப்பவும் என்கிட்ட இருக்கும்" என்ற எண்ணத்தை முதலிலேயே கழித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2024 அக்டோபரிலிருந்து, பணம் கட்டும் இடத்திலேயே, நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் வந்த சட்டத்தால் வந்த யோக்கியம்.

நான் வாங்கும்போது வைத்துக்கொள்ளும் கெடு ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் அந்தக் காசுக்கு ஆடித் தீர்த்துவிடுவேன் என்றால்தான் வாங்குவேன். அதற்கு மேல் இருந்தால் லாபம்.

அடுத்த கேள்வி, யார் பார்ப்பது? இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். கடைக்குக் கதவு நிலைக்கு மேல் வைக்கும் செதுக்குப் பலகை தேடி வருகிறவர்களிடம், "இதை எங்க வைக்கப் போறீங்க, உக்காந்தா தெரியுமா?" என்று கேட்பேன். கேமில் அதை எனக்கு நானே கேட்டுக்கொள்ள மூன்று வருஷம் ஆனது.

பிஜிஎம்ஐயில் பெரும்பாலும் ஆளின் பின்னாலிருந்து பார்த்து ஆடுகிறோம். அப்படியென்றால் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கோட்டில் நீங்கள் பார்ப்பது முதுகு. அந்த முதுகின் மேலும் ஒரு பை ஏறிக்கொள்ளும். மார்பில் இருக்கும் தங்கப் பட்டனும் பூவேலையும் உங்களைச் சுடுகிறவன் கண்ணுக்கு, அதுவும் ஒரு நொடி. முன்பக்கத்தை நீங்கள் நின்று பார்ப்பது, ஆட்டம் தொடங்கும் முன் காத்து நிற்கும் லாபியில் மட்டும்தான்.

துப்பாக்கி ஸ்கின் அந்தத் துப்பாக்கி கையில் கிடைத்தால்தான். ஒரு வாரம் கடை நோட்டில் குறித்து வைத்தேன். 20 ஆட்டத்தில் எம்416 கிடைத்தது 13இல். அதில் நாலில், எடுத்த கையோடு செத்தேன். நான் ஸ்கின் வாங்கி வைத்திருந்த கார் மாடல் கண்ணில் பட்டது மூன்று ஆட்டத்தில். பாராசூட்டோ 20இலும் விரிந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் போல. அந்த நிமிஷத்திலும் நான் எந்த வீட்டில் யார் இறங்குகிறான் என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராசூட்டுக்குக் கொடுத்தது 600 ரூபாய்.

கவுன்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் மாதிரி நம் கண்ணாலேயே பார்த்து ஆடும் கேமில் கதை தலைகீழ். உடம்பே தெரியாது. எப்போதும் தெரிவது கையும் கையில் இருப்பதும். அங்கே கத்திக்கும் கையுறைக்கும் இருக்கும் மவுசுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வாரம் குறித்துவிட்டு, மணிக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 1,200 ரூபாய் ஸ்கின், வருஷத்தில் 300 மணி நேரம் கண்ணில் பட்டால் மணிக்கு 4 ரூபாய். கடை டீயை விட மலிவு, தாராளமாக வாங்கலாம். 600 ரூபாய் பாராசூட், 200 ஆட்டத்துக்கு 200 நிமிஷம் என்றால் மணிக்கு 180 ரூபாய். விலை குறைந்ததுதான் விலை கூடியது. என் அளவுகோல், மணிக்கு 10 ரூபாய்க்குள் என்றால் யோசிக்காமல் வாங்குவேன். 10க்கு மேல் என்றால் ஒரு வாரம் ஆறப் போடுவேன். பாதி ஆசை அதிலேயே வடிந்துவிடும்.

நிறத்தையும் பாருங்கள். பளபளவென்று மின்னும் உடுப்போடு புல்லில் படுத்தால் அடுத்த மலையிலிருந்தே தெரியும்.

பெட்டி திறப்பதற்கு வருகிறேன். காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அந்த மாதிரிப் பெட்டி. மாப்பிள்ளை கேட்டது அதைத்தான், அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஆப்பிள் 2017 டிசம்பரிலிருந்தும் கூகுள் பிளே 2019இலிருந்தும், இப்படிப் பெட்டி விற்கும் கேம்கள் எந்தப் பொருள் எத்தனை சதவீதத்தில் வரும் என்று காட்டியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. சின்ன 'i' எழுத்தோ கேள்விக்குறியோ ஒரு மூலையில் இருக்கும். பெட்டியைத் தொடும் முன் அதைத் தொடுங்கள்.

அங்கே ஒரு சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் ஒன்று வரும் என்றுதான் தோன்றும். இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு வரவே 69 பெட்டி. நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமானால் கிட்டத்தட்ட 300. பெட்டி 60 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். முந்தின பெட்டியில் வரவில்லை, அதனால் அடுத்ததில் வரும் என்பதும் கிடையாது. பெட்டிக்கு ஞாபகசக்தி இல்லை.

சில கேமில் இத்தனையாவது பெட்டியில் கட்டாயம் தருவோம் என்று உறுதி இருக்கும். அது நல்லது, ஏனென்றால் அப்போது அந்தப் பொருளுக்கு ஒரு விலை தெரிகிறது. 120ஆவது பெட்டியில் உறுதி என்றால் 120 பெட்டியின் காசுதான் அதன் விலை. அதைக் கொடுக்க மனம் வருகிறதா என்று கேளுங்கள். முன்னாடியே வந்தால் பார்த்துக்கொள்ளலாம். உறுதி எதுவும் இல்லை என்றால் விலை இல்லாத பொருள், நான் தொடுவதில்லை. பெல்ஜியம் நாடு 2018இல் காசுக்குத் திறக்கும் இந்தப் பெட்டியைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. திருவிழாவில் வளையம் எறிகிற கடையாவது சோப்பு டப்பா நம் கண் முன்னால் இருக்கும்.

இதை எல்லாம் சொன்னபோது மாப்பிள்ளை, "இன்னும் ரெண்டு நாள்தான் மாமா இருக்கு, போனா வராது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வேலைப்பாட்டுல இது ஒன்னுதான் சார் மிச்சம், நாளைக்கு ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்று வாரத்துக்கு மூன்று தடவை நான் சொல்வேன். சில சமயம் உண்மையும் கூட. கேமில் கடிகாரம் ஓடவிடுகிறவர்கள் எங்கள் தெருவில் பாடம் படித்தவர்களாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அபூர்வம் என்று சொன்னது ஆறு மாதம் கழித்து வேறு நிறத்தில் வந்து நிற்கும். தூணை இன்னொன்று செய்ய மரமும் ஆசாரியும் வேண்டும். ஸ்கின்னை இன்னொரு லட்சம் பேருக்குக் கொடுக்க அவர்களுக்கு ஒரு பொத்தான் போதும்.

விற்கவே முடியாதா என்றால், முடிகிற இடமும் உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2013 ஆகஸ்டிலிருந்து ஸ்கின் வாங்கி விற்கலாம். ஸ்டீம் சந்தையில் 15 சதவீதம் கழிவு, மீதிக் காசும் ஸ்டீம் கணக்கிலேயேதான் தங்கும், பேங்குக்கு வராது. அங்கே கத்திகளை முதலீடு மாதிரி சேர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள். 2025 அக்டோபரில் ஒரு அப்டேட் வந்தது. கத்தியை விட மலிவான சிவப்பு ரக ஸ்கின் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கத்தி விலை ஓரிரு நாளில் பொத்தென்று விழுந்தது. எங்கள் தொழிலிலும் ஒரே மாதத்தில் இரண்டு பெரிய வீடு இடிபட்டால் நிலை, கதவு விலை இறங்கும். ஆனால் ஊரில் உள்ள வீடு எல்லாவற்றையும் நினைத்த நேரத்தில் இடிக்கும் அதிகாரம் ஒரே ஆளிடம் இல்லை. அங்கே இருக்கிறது. முதலீடு என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். கணக்கையே வெளியில் விற்பது பெரும்பாலான கேமில் விதிக்குப் புறம்பு. வாங்கினவனிடமிருந்து பழைய மெயிலை வைத்துத் திரும்பப் பிடுங்குகிறவர்களும் உண்டு.

எல்லா ஸ்கின்னும் அழகுக்கு மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கி ஸ்கின் போட்டால் எதிரிக்கு ஆகும் சேதம் கூடும், ரீலோட் வேகம் கூடும், வேறு ஒன்று குறையும் என்று குணம் எழுதியிருக்கும். அங்கே கேள்வியே வேறு: காசு கட்டினவனோடு கட்டாதவன் ஆட வேண்டியிருக்கிறதா? எனக்கு அது பிடிக்காது, பிடித்தவர்கள் ஆடட்டும். டோட்டா 2 என்ற கேமில் எல்லா வீரரும் எல்லாருக்கும் இலவசம், காசு உடுப்புக்குத்தான். அந்த மாதிரி ஏற்பாட்டில் ஓசியில் ஆயிரம் மணி நேரம் ஆடியிருந்தால், 500 ரூபாய்க்கு ஒரு தொப்பி வாங்குவது செய்தவனுக்குக் கூலி கொடுப்பது மாதிரி. எனக்கு அதில் கணக்கே கிடையாது.

கேம் காசை எப்போதும் ரூபாயாக மாற்றிப் பாருங்கள். பொருள் 700 காயின் என்றால் கட்டு 600ஆகவும் 1,500ஆகவும் இருக்கும். மிச்சம் 800 காயின் உள்ளே கிடந்து அடுத்ததை வாங்கச் சொல்லி அரிக்கும். அப்படி என்றால் அந்தப் பொருளின் விலை 1,500 காயினுக்கு நீங்கள் கொடுத்த ரூபாய்தான்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்: போனில் கார்டையும் யுபிஐயையும் கூகுள் பிளேயோடு இணைத்து வைக்காதீர்கள். 200, 500 என்று கிஃப்ட் கார்டு கோடு வாங்கிப் போட்டுவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைப்பில் மாற்றி வையுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அப்புறம் கேம் கம்பெனியிடம்தான் கெஞ்ச வேண்டும். தப்பாக ஒரு பட்டன் அமுங்கிப் போவது பிள்ளைகளின் குற்றம் என்று அடிக்காதீர்கள். ஃபோர்ட்நைட்டில் பட்டன்களைக் குழப்பமாக வைத்து வேண்டாததை வாங்க வைத்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் சொல்லி, 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர, அந்தக் கேமைச் செய்த எபிக் கேம்ஸ் ஒப்புக்கொண்டது. பாதி விலைக்கு யூசி, டைமண்ட் என்ற கேம் காசு தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவனைப் பற்றிப் பேசவே வேண்டாம். என் 350 ரூபாய் அவனிடம் இருக்கிறது.

வருத்தமில்லாத கால்வாசி எது என்று மாப்பிள்ளை கேட்டான். சிவப்புக் கோட்டு ஒன்று. நிலையான விலை, பெட்டி கிட்டி எதுவும் இல்லை. நாங்கள் நாலு பேர், ஒருத்தன் சிங்கப்பூரில், ஒருத்தன் துபாயில், ஒருத்தன் கோவையில், நான் இங்கே. ஞாயிறு ராத்திரி ஆட்டம். நாலு பேரும் ஒரே கோட்டு வாங்கினோம். 2021இல் சிங்கப்பூர்க்காரன் தங்கச்சிக்குத் தேவகோட்டையில் கல்யாணம். கொரோனா கெடுபிடியில் அவனால் வர முடியவில்லை. வளவில் ஐம்பது பேரோடு முடிந்தது, வீடியோவில் பார்த்தான். அன்று ராத்திரி யாரும் ஸ்டார்ட் அழுத்தவில்லை. லாபியிலேயே நாலு சிவப்புக் கோட்டும் முக்கால் மணி நேரம் நடனம் ஆடிக்கொண்டு நின்றோம். அவன் மைக்கை அணைத்து வைத்திருந்தான். அந்தக் கோட்டுக்கு மணிக் கணக்கு போட்டதில்லை.

மாப்பிள்ளையிடம், "ஒரு வாரம் ஆடி, எது எத்தனை தடவ கண்ணுல படுதுன்னு எழுதிக் கொண்டாடா, அப்பறம் பேசுவோம்" என்று ஒரு குயர் நோட்டைக் கொடுத்து அனுப்பினேன். எட்டாம் நாள் வந்தான். 31 ஆட்டம், கட்டம் போட்டு எழுதியிருந்தான். எம்416 கிடைத்தது 19. பள்ளிக்கூடத்து நோட்டு இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"கிளேசியர் வேணாம் மாமா. எப்பவும் தெரியிறது முதுகுதான? பை வாங்கிட்டேன். 190 ரூபா. அம்மாட்ட கேட்டுட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். தவளை உருவத்தில் ஒரு பை. கிளிப்பச்சை, கண் ரெண்டும் முதுகிலிருந்து பிதுங்கிக்கொண்டு.

"ஏன்டா, நிறத்தப் பத்தி நான் ஒன்னும் சொல்லலையா? பாலைவனத்துல இறங்குனா ஒரு மைல் தள்ளி இருந்து சுடுவான்டா."

"சுடட்டும் மாமா," என்றான்.